தரைக்குக் கொடுத்த எடை

மாடிப்படி ஏறி வந்த ஜெய்தூன் பீவி கதவருகிலேயே நின்றுவிட்டாள். கூடத்தில் பிள்ளைகள் மூலைக்கு ஒன்றாக மல்லாந்து கிடந்தார்கள். ஒருவரும் அசையவில்லை. மின்விசிறி மட்டும் கறகறத்துச் சுற்றிக்கொண்டிருந்தது. நடுவில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் லிடியா கண்ணை மூடி உட்கார்ந்திருந்தாள்.

"யா அல்லா, என்ன டீச்சரம்மா இது? மவுத்தானதுக மாதிரி கெடக்குதுக?"

கிடந்தவர்களில் ஒருத்தி களுக்கென்று சிரித்தாள். அது ஜெய்தூன் பீவியின் மகள் ரஃபியா. அவள் சிரிப்பு பக்கத்தில் கிடந்தவளைத் தொற்றி, அங்கிருந்து சுவரோரம் போய், கொஞ்ச நேரத்தில் கூடமே வயிறு குலுங்கிக் கிடந்தது.

"கிளாஸ் நடக்குதுக்கா," என்றாள் லிடியா.

"எங்க நடக்குது? படுத்துல்ல கெடக்குது." ஜெய்தூன் பீவி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "வீட்டுலயும் இதே கூத்துதான். ஸ்கூல் விட்டு வந்ததும் நடுவீட்டுல உருளுது. என்னடின்னு கேட்டா ஹோம்வொர்க்குங்குது. நேத்து அவுக அத்தா மிதிக்கப் பாத்துட்டாரு. ஸ்டெப்பு எப்பத்தான் சொல்லிக் குடுப்பீக?"

"மொதல்ல விழப் படிக்கட்டும்க்கா."

"விழுறதுக்கு ஒரு படிப்பா? போன மழைக்கு நான் பாத்ரூம்ல விழுந்தேன், எந்த டீச்சர்கிட்டப் படிச்சேன்?"

லிடியாவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஜெய்தூன் பீவி கெட்டவள் இல்லை. கீழே இருக்கும் தோல் மண்டி அவள் புருஷன் பாரூக்குடையது. மேலே சும்மா கிடந்த கூடத்தை லிடியாவுக்குத் திறந்துவிடச் சொன்னவளே அவள்தான். உப்புப் போட்ட தோலின் வாடை தரை வழியாகவே ஏறி வரும். முதல் வாரம் மூக்கைப் பிடித்துக்கொண்ட பிள்ளைகளுக்கு இப்போது அது தெரிவதேயில்லை. கூடத்தில் கண்ணாடி கிடையாது. கண்ணாடி இல்லாமல் எப்படி ஆடுவது என்று பெற்றவர்கள் கேட்டார்கள். கண்ணாடி இருந்தால் பிள்ளை கண்ணாடிக்குத்தான் ஆடும் என்று லிடியா சொன்னாள். அது ஒருவருக்கும் புரியவில்லை, ஆனாலும் அனுப்பிவைத்தார்கள். பெங்களூரில் இருந்து வந்தவள், வெளிநாடெல்லாம் போனவள், ஏதோ தெரிந்துதான் சொல்லுவாள்.

அவள் சொல்லிக்கொடுத்ததெல்லாம் ஒரே வார்த்தைதான். விடு. தலையை விடு, தோளை விடு, இடுப்பை விடு, உன் எடையைத் தரைக்குக் கொடு, அது தாங்கும். நாற்காலியை இழுத்துக்கொண்டே ஒவ்வொரு பிள்ளையிடமும் போய் மணிக்கட்டைத் தூக்கிவிட்டு விடுவாள். சில கைகள் மரத்திலிருந்து காய் விழுவதுபோல் தரையில் விழும். அதற்கு ஒரு 'ம்' கிடைக்கும். அனிஷாவின் கை மட்டும் விட்ட இடத்திலேயே நிற்கும்.

"அனிஷா, நீ கைய விடல. எனக்காகத் தூக்கிப் புடிச்சிக்கிட்டிருக்க."

"விட்டா தொப்புன்னு விழுந்துரும் மிஸ்."

"விழட்டுமே."

"சத்தம் வரும் மிஸ்."

சத்தம் வரக்கூடாது என்று இந்தப் பிள்ளைக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்று லிடியா கேட்டதில்லை. கேட்க வேண்டியதில்லை. அவளுக்கும் அதே தெருவில்தான் வளர்ப்பு. விழப் படிப்பதற்கு அவளுக்கு பெங்களூர் வரை போக வேண்டியிருந்தது.

ரஃபியா அப்படி இல்லை. முதல் நாளே மொத்தமாக விட்டாள். நின்ற இடத்திலிருந்து முழங்கால், இடுப்பு, தோள் என்று வரிசையாக மடங்கி, ஈரத்துணி கொடியிலிருந்து நழுவுவதைப்போல் தரைக்கு வந்தாள். லிடியாவுக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. "யாருடி உனக்குச் சொல்லிக் குடுத்தா?" என்று கேட்டதற்கு, "தூக்கம் வந்தா அப்படித்தான மிஸ் விழுவோம்?" என்றாள் அவள்.

நாற்காலியில் உட்கார்ந்து பாடம் எடுப்பது ஒரு பாணி என்று பிள்ளைகள் நினைத்திருந்தார்கள். மதுரையில் எலும்பு டாக்டர் அவளுடைய இடுப்பின் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டியபோது, "கிண்ணத்துக்குள்ள பந்து உருளணும்மா. உங்களுக்குப் பந்தும் தேஞ்சிருச்சு, கிண்ணமும் தேஞ்சிருச்சு. மாத்திரலாம், நடப்பீங்க. ஆனா தரையில உக்காரப்படாது, குனிஞ்சு பொரளப்படாது, விழவே படாது," என்றார். விழுவதையே பிழைப்பாக வைத்துச் சாப்பிட்டவளிடம் அதைச் சொல்கிறோம் என்று அவருக்குத் தெரியாது. வீட்டில் அவள் இதைச் சொல்லவில்லை. பஸ்ஸிலிருந்து இறங்கும்போது இடுப்பு பிசகிவிட்டது என்றுதான் அம்மா ஆரோக்கியம்மாளுக்குத் தெரியும். நீலகிரித் தைலம் தேய்த்துவிட்டாள்.

ஆரோக்கியம்மாள் மகளின் ஆட்டத்தை ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. வேண்டாம் என்றும் சொன்னதில்லை. "பெங்களூருக்கு ஒருதரம் வாம்மா," என்றால், "ஆட்ட யாரு பாக்குறது?" என்பாள். ஆட்டை அய்யலூர் சந்தையில் விற்ற பிறகு, "கோழிய யாரு பாக்குறது?" என்றாள். போனில் காட்டினால், "வேணாம்டி, கண்ணு எரியுது, நேர்ல பாத்துக்கிறேன்," என்று முகத்தைத் திருப்பிக்கொள்வாள். தெருவில் கேட்டவர்களிடம், "பெங்களூர்ல டீச்சரா இருக்கா," என்றாள். இப்போது ஊருக்கே வந்து டீச்சரானதில் அவளுக்கு ஒரு நிம்மதி. சொன்ன பொய் மெய்யாகிவிட்டதே.

லிடியாவிடம் ஒரு தனி ஆட்டம் இருந்தது. அதன் பெயர் 'இடது குதிகால்'. அவள் போன ஊர்களிலெல்லாம் கடைசியாக அதைத்தான் ஆடுவாள். அப்பா சூசை பள்ளிக்கூடத்தில் டிரில் வாத்தியார். அவர் பெரியாஸ்பத்திரிக் கட்டிலில் உயிரை விட்ட அந்தச் சாயங்காலம், அம்மா தலைமாட்டில் நின்றாள், இவள் கால்மாட்டில் நின்றாள். நடுக்கம் அவருடைய இடது குதிகாலில்தான் தொடங்கியது. அங்கிருந்து முட்டிக்கு ஏறி, இடுப்பில் சற்று நேரம் நின்று, தோளுக்குப் போய், விரல்நுனியில் வந்து அடங்கியது. அன்று லிடியாவால் பார்க்கத்தான் முடிந்தது. பார்த்ததை உடம்பு வைத்துக்கொண்டது. பிறகு அதை ஆட்டமாக்கினாள். ஒரு பெண் நடந்து வருகிறாள், விழுகிறாள், எழுகிறாள், மறுபடி விழுகிறாள், மறுபடி எழுகிறாள், மூன்றாவது தரம் விழுந்தவள் எழவில்லை. குதிகால் நடுங்குகிறது. கடைசியில் மூடியிருந்த கை மெல்லத் திறக்கிறது. அவ்வளவுதான். எங்கோ கடற்கரையில் மூடிக்கிடந்த ஒரு பழைய ஆலைக்குள், மழைச் சத்தத்துக்கு நடுவே அதை ஆடியபோது, ஆட்டம் முடிந்தும் ஜனங்கள் கைதட்டாமல் நின்றார்கள். தட்டக்கூடாது என்று அவர்களுக்குத் தோன்றியிருந்தது. எத்தனையோ முகங்கள் அதைப் பார்த்துவிட்டன. தலைமாட்டில் நின்றவள் மட்டும் பார்க்கவில்லை. அந்தச் சாயங்காலத்தைப் பற்றி அம்மாவும் மகளும் இன்றுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை.

இடுப்பை மாற்றிவிட்டால் பிறகு அந்த ஆட்டம் இல்லை. அதற்கு முன்னால் ஒருதரம் அம்மா பார்க்க வேண்டும். 'ஏன்டி, இது உங்க அப்பால்ல?' என்று கேட்க வேண்டும். அது போதும். வேறு எதையும் லிடியா கேட்கவில்லை.

தேவாலயத்தின் பங்குத் திருவிழாவுக்குக் கலைநிகழ்ச்சி ஏற்பாடு செய்யும் ரொனால்டு வந்தபோது அதனால்தான் உடனே சொன்னாள்.

"அக்கா, நம்ம புள்ளைகள வச்சு ஒரு அயிட்டம் குடுங்கக்கா. சும்மா தூக்கலா."

"புள்ளைக இன்னும் எந்திரிக்கவே இல்லப்பா. நான் ஆடுறேன்."

"நீங்களா? சூப்பர்க்கா. என்ன பாட்டு?"

"பாட்டு இல்ல. மூச்சுச் சத்தம்."

"மூச்சா?" ரொனால்டு தலையைச் சொறிந்தான். "சவுண்டு சர்வீஸ்காரன் என்னையக் கொல்லுவான்க்கா. போன வருசம் மைக்கு இரையுதுன்னு அவன ஏசுனதே நான்தான்."

லிடியா அன்றைக்கே அம்மாவிடம் சொன்னாள்.

"நேர்ல பாக்குறேன்னியே. நம்ம கோயில் வாசல்லதான். வா."

ஆரோக்கியம்மாள் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். உருவின கை நின்றது. "என்ன துணி போடுவ?"

"கணுக்கால் வரைக்கும் இருக்கும்மா. பழைய கண்டாங்கிச் சேலைய வெட்டித் தச்சது."

"அப்பச் சரி," என்றாள். கொஞ்சம் கழித்து, "முன்னாடி சேர் போடச் சொல்லு. பின்னாடி நின்னா மறைக்கும்," என்றாள்.

திருவிழா அன்று ஆரோக்கியம்மாள் பட்டுச்சேலை கட்டி முதல் வரிசையில் சிஸ்டர்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். வலி மாத்திரை போட்டுக்கொண்டு மேடை ஓரத்தில் நின்ற லிடியா, தட்டிக்கு நடுவிலிருந்து அவளைப் பார்த்தாள். அம்மா கூட்டத்தைத் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். என் மகளைப் பார்க்க வந்திருக்கிறார்களா என்று எண்ணுபவளைப்போல. ரஃபியாவும் ஜெய்தூன் பீவியும்கூட வந்திருந்தார்கள். ரஃபியா முன்னால் தரையில் உட்கார்ந்து பஞ்சுமிட்டாய் தின்றாள்.

சினிமாப் பாட்டுக்கு ஆடிய பிள்ளைகளுக்கு விசில் பறந்தது. பிறகு விளக்கைக் குறைத்தார்கள். ஒலிபெருக்கியிலிருந்து மூச்சு வந்தது.

"ஏலே, டேப்பு சிக்கிருச்சு!"

"எவனோ கொறட்ட விடுறான்டா மாப்ள!"

லிடியா நடந்து வந்தாள். விழுந்தாள். எழுந்தாள். கூட்டத்தில் சிரிப்பு இருந்தது. இரண்டாவது தரம் விழுந்து எழும்போது இடுப்புக்குள் கல்லோடு கல் உரசியது. அந்த வலி முகத்துக்கு வந்ததைப் பார்த்தோ என்னவோ, சிரிப்பு குறைந்தது. மூன்றாவது தரம் விழுந்தாள். இடது குதிகால் நடுங்கத் தொடங்கியது.

அமைதி வந்தது. அந்த அமைதியை அவளுக்குத் தெரியும். எல்லா ஊரிலும் அது இந்த இடத்தில்தான் வரும். இங்கேயும் வந்துவிட்டது, நம் ஊருக்கும் வந்துவிட்டது என்று அவள் நெஞ்சு விம்மியது. முட்டிக்கு ஏறியது. இடுப்பில் நின்றது. தோளுக்குப் போனது. அப்போது மரப்படியில் தடதடவென்று யாரோ ஏறும் சத்தம் கேட்டது. வளையல் சத்தம். மூடியிருந்த அவள் கையைப் பிரித்து, ஜில்லென்று ஒரு சாவிக்கொத்தை உள்ளே வைத்து, விரல்களை மடக்கி, அதன் மேல் இரண்டு கைகள் இறுகின.

"புடி தாயி. விடாத. இறுக்கிப் புடி. இரும்பு இருக்கு, ஒண்ணும் பண்ணாது. விடாத."

அவ்வளவுதான், மைதானம் பொங்கிவிட்டது. "வலிப்பு! வலிப்பு!" "காத்து விடுங்கப்பா!" "சோடா கொண்டாங்க!" அந்த இரைச்சலுக்குள் ஒரு கீச்சுக்குரல் தனியாகக் கேட்டது. "டான்சு! அது டான்சு! மிஸ்ஸு இப்படித்தான் விழுவாங்க!" கத்தியவள் ரஃபியா. ஜெய்தூன் பீவி அவள் வாயைப் பொத்தினாள். "சும்மா கெடடி. பெரியவுக பாத்துக்குவாக."

"அம்மா," என்றாள் லிடியா மெதுவாக. "இது ஆட்டம்மா."

"பேசாத. நாக்கக் கடிச்சிருவ."

எழுந்து நின்று காட்டிவிடலாம் என்று பார்த்தாள். இடுப்பு பூட்டிக்கொண்டுவிட்டது. ரொனால்டும் இன்னும் இரண்டு பேரும் தூக்கிக்கொண்டு போனார்கள். "யாரும் பயப்பட வேணாம், அக்கா நல்லா இருக்காங்க," என்று மைக்கில் யாரோ சொன்னார்கள். அடுத்த பாட்டு தொடங்கியது.

வீட்டுக்கு வந்ததும் ஆரோக்கியம்மாள் வெந்நீரில் துணியை நனைத்து மகளின் முகத்தைத் துடைத்தாள். கழுத்தைத் துடைத்தாள். காலைத் துடைக்கும்போது இடது குதிகாலைக் கையில் ஏந்தி வைத்துக்கொண்டாள்.

"எம்புட்டு நாளா இருக்கு?"

"எனக்கு ஒண்ணும் இல்லம்மா."

"அவரும் அதத்தான் சொன்னாரு." குதிகாலைக் கீழே வைத்தாள். "எனக்குத் தெரியாதாடி? இங்கதான் ஆரம்பிச்சுச்சு. அப்புறம் முட்டி. இடுப்புல வந்து செத்த நேரம் நின்டுச்சு, விட்ருச்சுன்னு நெனச்சேன். பாத்தா தோளுக்குப் போயிருச்சு. அன்னைக்கும் சாவியக் குடுத்தேன் அவரு கையில. அந்த நர்சு புடுங்கிப் போட்டுட்டா. இன்னைக்கு ஒருத்தியும் புடுங்க நான் விடல."

லிடியா எழுந்து உட்கார்ந்தாள். அம்மாவுக்குத் தெரிந்திருந்தது. வரிசை தப்பாமல், ஒவ்வொரு மூட்டாக, நின்ற இடத்தில் நின்று. இத்தனை வருஷத்தில் அந்த ஆட்டத்தை இப்படிப் படித்தவர் ஒருவரும் இல்லை. அவள் கேட்க நினைத்த வார்த்தையை அம்மா அவளிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"அம்மா, நான் மேடையில ஆடுனது..."

"ரொனால்டுப் பய சொல்றான், அது டான்ஸாம்." ஆரோக்கியம்மாள் துணியைப் பிழிந்தாள். "போடா கூறுகெட்டவனேன்னேன். அவ அப்பன் அந்த நடுக்கத்துலதான்டா போனாரு, அவ கால்மாட்டுல நின்டு பாத்தா. அதப் பாத்த புள்ள அத வேசம் கட்டி ஆடி நாலு பேருகிட்டக் கைதட்டு வாங்குமாடா, அப்படியாடா எம்புள்ளைய வளத்துருக்கேன்னேன். தலையக் குனிஞ்சுக்கிட்டுப் போயிட்டான்."

கடற்கரை ஆலை, மழை, கைதட்டாமல் நின்ற முகங்கள், பிறகு தட்டிய கைகள், கொண்டுவந்து கொடுத்த பூக்கள் எல்லாம் அந்தச் சின்ன அறைக்குள் வந்து அம்மாவின் முன்னால் நின்றன. அம்மாவுக்கு அவை தெரியவில்லை. தெரியாமல் இருக்க வேண்டும் என்றால் இவள்தான் ஏதாவது சொல்ல வேண்டும்.

"எப்பவாச்சும்தாம்மா வரும்," என்றாள்.

"அதான." ஆரோக்கியம்மாளின் முகம் தளர்ந்தது. "அதுக்குத்தான் கல்யாணம் வேணாம்னியா?"

"ம்."

"அதுக்குத்தான் பெங்களூர்ல அந்த ஆட்டக் கம்பெனியில உன்னைய வேலைய விட்டு அனுப்பிட்டானா?"

"ம்."

"இம்புட்டு நாளா ஒத்தையில வச்சுக்கிட்டுக் கெடந்தியேடி." மகளின் தலையை மாரோடு சேர்த்துக்கொண்டு அவள் அழுதாள். வருஷக்கணக்காகக் கேட்டுக் கேட்டுப் பதில் வராத கேள்விகள் எல்லாவற்றுக்கும் அவளுக்கு ஒரே பதில் கிடைத்துவிட்டது. அந்த அழுகையில் ஒரு ஆறுதல் இருந்தது. லிடியா அந்த எடையைத் தாங்கிக்கொண்டு அசையாமல் இருந்தாள்.

பிள்ளைகள் ஒவ்வொருவராக வகுப்புக்கு வராமல் நின்றார்கள். பெற்றவர்கள் ஒருவரும் முகம் சுளிக்கவில்லை, நல்ல விதமாகத்தான் சொன்னார்கள். அனிஷாவின் அப்பா சிறுமலை வாழைப்பழச் சீப்பு ஒன்றோடு வந்து, "ரெஸ்ட் எடுங்க மிஸ், உடம்புதான முக்கியம்," என்றுவிட்டுப் போனார். ஜெய்தூன் பீவி மட்டும் உள்ளதைச் சொன்னாள்.

"புள்ளைக பயந்துக்கும் டீச்சரம்மா. பயந்தாக்கூடப் பரவால்ல. உங்களுக்கு நெசமாவே வந்துட்டா, பாடம்னு நெனச்சு இதுகளும் பக்கத்துல படுத்துக்கிட்டா? யாரு வந்து தூக்குறது?"

அதற்குப் பதில் இருந்தது. இங்கே சொல்லும் பதில் உலை கொதிப்பதற்குள் அம்மாவின் காதுக்குப் போய்விடும்.

ரஃபியா அம்மாவின் பின்னாலிருந்து முன்னால் வந்தாள். "சொல்லுங்க மிஸ். அது டான்சுன்னு சொல்லுங்க. நான் சொன்னா ஒருத்தரும் நம்ப மாட்டேங்குறாங்க. ஸ்கூல்ல என்னையக் கேலி பண்றாங்க மிஸ்."

லிடியா அவளைப் பார்த்தாள். தூக்கம் வந்தால் விழுவதுபோல் விழத் தெரிந்த பிள்ளை. அன்று அத்தனை பேரில் பார்த்தவள் அவள் ஒருத்திதான்.

"எனக்கு உடம்பு சரியில்லம்மா," என்றாள்.

"அப்ப நான் வீட்டுல பண்ணுறதும் வலிப்பா மிஸ்?"

"வாடி," என்று ஜெய்தூன் பீவி அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு படியிறங்கினாள். இறங்கும்போது, அந்தப் பிள்ளை ஒவ்வொரு படிக்கும் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு இறங்கியது.

ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு அம்மா அவளைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போனாள். மேடை போட்ட இடத்தில் குழிகளை மண் போட்டு மூடியிருந்தார்கள். கோயிலுக்குள் நுழைந்ததும் பெண்கள் பக்கத்தில் இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்தார்கள். யாரோ மின்விசிறியை இந்தப் பக்கம் திருப்பிவிட்டார்கள்.

மன்றாட்டு வாசிக்க ரொனால்டு எழுந்து போனான். திருச்சபைக்காக, நாட்டை ஆள்பவர்களுக்காக, மழைக்காக வாசித்தான். பிறகு நிமிர்ந்து பார்க்காமல் வாசித்தான். "வலிப்பு நோயால் துன்புறும் எங்கள் சகோதரி லிடியாவை உம் பாதம் ஒப்புக்கொடுக்கிறோம். அவருக்கு முழுமையான உடல்நலம் தந்தருள ஆண்டவரே உம்மை மன்றாடுகிறோம்."

கோயில் முழுவதும் ஒரே குரலில் சொன்னது. "ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்."

லிடியாவும் சொன்னாள். தன் பெயருக்கும் தன் வாயாலேயே சொன்னாள்.

அப்பத்தை உயர்த்தும் எழுந்தேற்றத்துக்கு முதல் மணி அடித்தது. வரிசை வரிசையாக எல்லாரும் முழங்காலிட்டார்கள். சேலைகள் சரசரத்து ஓய்ந்தன. லிடியாவால் மடங்க முடியவில்லை. முன்வரிசைப் பலகையைப் பிடித்தபடி நின்றாள். குனிந்த தலைகளுக்கு மேலே, அத்தனை பெரிய கோயிலில் அவள் ஒருத்திதான் நின்றுகொண்டிருந்தாள். முழங்காலிட்டிருந்த ஆரோக்கியம்மாள் மெல்ல எழுந்தாள். இரண்டாவது மணி அடித்தது. சாமியார் அப்பத்தை உயர்த்தினார். எல்லாக் கண்களும் அங்கே போயின. ஆரோக்கியம்மாள் பீடத்தைப் பார்க்கவில்லை. விழுந்தால் தாங்குவதற்கு இரண்டு கைகளையும் கொஞ்சம் விரித்து வைத்துக்கொண்டு, இமை தட்டாமல், மகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.